டெல்டா ஜி நாட் நேர்க்குறி என்றால் துணி காயாதா? வெப்ப இயக்கவியலில் மதிப்பெண் போகும் இடங்கள்

பெங்களூருவில் ஒரே அறையில் தங்கிப் படிக்கும் பி.எஸ்ஸி. வேதியியல் மாணவரும் பி.இ. மெக்கானிக்கல் மாணவரும் வெப்ப இயக்கவியலின் முதல் விதியை வெவ்வேறு விதமாக எழுதியிருப்பார்கள். வேதியியலில் அக ஆற்றல் மாற்றம் = வெப்பம் + வேலை; அமைப்பின் மீது செய்யப்படும் வேலை நேர்க்குறி. பொறியியல் நூல்கள் பலவற்றில் வெப்பம் − வேலை. அமைப்பு செய்யும் வேலைதான் நேர்க்குறி. இரண்டும் சரி. ஒன்றின் சூத்திரத்தில் மற்றதன் குறியைப் போடுவதுதான் தவறு. எந்த மரபு என்பதை விடையின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்தது, எந்த அழுத்தத்தைப் போடுவது என்பது. வாயு விரியும்போது வேலையைத் தீர்மானிப்பது வெளி அழுத்தம். 298 கெல்வினில் 1 மோல் இலட்சிய வாயு 10 பாரிலிருந்து 1 பாருக்கு, மாறாத 1 பார் வெளி அழுத்தத்தை எதிர்த்து விரிந்தால் வேலை −2.23 கிலோஜூல். அதே மாற்றம் மீள்முறையில் (ஒவ்வொரு கட்டத்திலும் சமநிலையை ஒட்டி, மிக மெதுவாக) நடந்தால் −5.70 கிலோஜூல். மடக்கை வரும் சூத்திரம் இரண்டாவதற்கு மட்டுமே. வெற்றிடத்தில் விரிந்தால் வேலை, வெப்பம் இரண்டுமே பூஜ்யம். அதைப் பார்த்து என்ட்ரோபி (ஆற்றல் எவ்வளவு பரவிக் கிடக்கிறது என்பதன் அளவு) மாற்றமும் பூஜ்யம் என்று எழுதுபவர்கள் நிறைய. மூன்று பாதைகளிலும் அது 19.1 ஜூல்/கெல்வின்தான், ஏனென்றால் கணக்கில் வருவது மீள்பாதையின் வெப்பம் ÷ வெப்பநிலை.

எல்லாவற்றையும்விட ஆழமான குழப்பம் டெல்டா ஜி (இப்போதுள்ள நிலையில் கிப்ஸ் ஆற்றல் மாற்றம்; எதிர்க்குறி என்றால் மாற்றம் தானாக நடக்கும்), டெல்டா ஜி நாட் (திட்ட நிலையில் அதன் மதிப்பு) இரண்டையும் ஒன்றாக நினைப்பது. 298 கெல்வினில் நீர் ஆவியாவதற்கு டெல்டா ஜி நாட் +8.6 கிலோஜூல். ஆனாலும் மொட்டை மாடியில் துணி காய்கிறதே? அந்த 8.6, ஆவி 1 பார் அழுத்தத்தில் இருக்கும் நிலைக்கு உரியது. காற்றில் அவ்வளவு ஆவி கிடையாது. நீராவியின் பகுதி அழுத்தம் 0.02 பார் என்றால், 8.6 + 2.48 × மடக்கை 0.02 (இயல் மடக்கை; 2.48 என்பது வாயு மாறிலி × வெப்பநிலை, கிலோஜூலில்) = ஏறத்தாழ −1.1. துணி காயும். 0.032 பாருக்கு அருகில் டெல்டா ஜி பூஜ்யமாகிறது. மழைக்காலத்துத் துணியின் கதி அதுதான். சமநிலையில் பூஜ்யமாவது டெல்டா ஜி. டெல்டா ஜி நாட் அல்ல.

பாம் கலோரிமீட்டர் (மூடிய, கன அளவு மாறாத கலத்தில் பொருளை எரித்து வெப்பத்தை அளக்கும் கருவி) தருவது அக ஆற்றல் மாற்றம். அதை அப்படியே என்தால்பி (மாறாத அழுத்தத்தில் பரிமாறப்படும் வெப்பம்) மாற்றம் என்று எழுதக் கூடாது. பென்சோயிக் அமிலம் எரியும்போது 7.5 மோல் ஆக்சிஜன் போய் 7 மோல் கார்பன் டை ஆக்சைடு வருகிறது. நீர் திரவம், அதைச் சேர்க்காதீர்கள். வாயு மோல்களின் வித்தியாசம் −0.5; அதை 2.48 ஆல் பெருக்கினால் −1.24 கிலோஜூல் திருத்தம். வாயு மாறிலி 8.314 ஜூலில் இருக்கிறது, என்தால்பி கிலோஜூலில்; அலகை மாற்றாமல் அப்படியே கூட்டினால் திருத்தம் ஆயிரம் மடங்கு பெரிதாகி விடை தடம்புரளும்.

ஆய்வகத்தில் ஒன்று: பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். இங்கே நீர் ஏறத்தாழ 97 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். வெப்பமானியைக் கொதிநீரில் வைத்துச் சரிபார்க்கும்போது 100 வரவில்லையென்று கருவியைக் குறை சொல்லாமல், அன்றைய பாரோமீட்டர் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.