காக்காவும் தாத்தாவும்: ஸ்பீச் தெரபி மாணவர்களை மேற்பார்வையிடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

நான்கு வயதுப் பையன். 'க' வராது, 'த'தான் வரும். காக்கா படத்தைக் காட்டினால் "தாத்தா" என்பான். எதிரே இரண்டாம் ஆண்டு பி.ஏ.எஸ்.எல்.பி. (பேச்சு, கேட்டல் கோளாறுகளுக்கான இளநிலைப் பட்டப்படிப்பு) மாணவி. அவன் எப்படிச் சொன்னாலும் "வெரி குட்" என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து மேற்பார்வையிட்ட எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஸ்பேச்சுலாவால் (நாக்கை அழுத்தும் தட்டைக் குச்சி) நாக்கு நுனியைக் கீழே அழுத்தியதும் 'க' வந்துவிட்டது. மீதி நேரத்தையும் நானே நடத்தினேன். அடுத்த வாரம் பையனின் அம்மா, "இன்னிக்கும் பெரிய மேடமே பார்ப்பாங்களா?" என்று கேட்டார். மாணவியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் செய்த காரியம் உறைத்தது.

மேற்பார்வையில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். நமக்குக் குழந்தைக்குப் பயிற்சி கொடுக்கத் தெரியும், அதனால் கை தானாகப் போய்விடுகிறது. விழுங்கும் பயிற்சியின்போது புரையேறினால் யாரையும் கேட்காமல் உள்ளே போக வேண்டியதுதான். 'க' வராததற்கு அந்த அவசரம் இல்லை. ஒரே ஒரு படத்துக்குச் செய்து காட்டிவிட்டு, அட்டைகளை மாணவியின் கையில் திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

அடுத்தது, பொத்தாம்பொதுவாகப் பேசுவது. "நல்லா பண்ணினே, இன்னும் கொஞ்சம் கான்ஃபிடன்ட்டா இரு." இதை வைத்துக்கொண்டு அந்த மாணவி நாளை எதை மாற்றுவார்? நான் இப்போது கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து கோடு போட்டு எண்ணுகிறேன். படம் காட்டியது 20 முறை, 'க' சரியாக வந்தது 3 முறை, "வெரி குட்" 20 முறை. செஷன் முடிந்ததும் அந்தத் தாளை மேசையில் வைத்தால் போதும், பெரும்பாலும் நான் வாயே திறக்க வேண்டியிருக்காது. பாராட்டு, குறை, மறுபடி பாராட்டு என்று அடுக்கிச் சொல்லும் முறையை நான் விட்டுவிட்டேன். மாணவர்கள் முதல் பாராட்டைக் கேட்டதுமே "சரி, ஆனால் என்ன?" என்று காத்திருக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

எண்ணிக்கை இருந்தாலும் முதலில் பேச வேண்டியவர் மாணவர். "எப்படிப் போச்சு?" என்று கேட்டால் "நல்லா போச்சு மேம்" என்ற பதில்தான் வரும். "எந்த இடத்தில் உன் லெசன் பிளான் கைவிட்டது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பொறுங்கள். குழந்தையிடம் ஒன்றைக் கேட்டால் பதிலுக்குக் காத்திருக்கச் சொல்லி தினமும் பெற்றோருக்குப் பாடம் எடுக்கும் நாம், மாணவருக்கு அந்த அவகாசம் கொடுப்பதில்லை.

மதிப்பீட்டு அறிக்கையைத் திருத்தும்போதும் இதேதான். திருநெல்வேலிப் பக்கத்துக் குழந்தை ஒன்று 'பழம்' என்பதை 'பளம்' என்றது. மாணவர் அதை உச்சரிப்புப் பிழையாகக் குறித்திருந்தார். சிவப்பு மையால் அடித்துவிட்டால் ஒரு நொடி வேலை. "அவங்க அம்மா அதை எப்படிச் சொன்னாங்க?" என்று கேட்டால் ஐந்து நிமிடம் ஆகும். ஆனால் வட்டார வழக்கைக் கோளாறு என்று எழுதக்கூடாது என்பதை அந்த மாணவர் தானே கண்டுபிடிப்பார்; அடுத்த முறை சென்னைக் குழந்தை 'பயம்' என்று சொன்னாலும் முதலில் வீட்டுப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பார்.

எல்லா மாணவர்களுக்கும் ஒரே அளவில் வழிகாட்டுவதும் தவறு. இண்டியானா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜீன் ஆண்டர்சன் 1988-ல் மேற்பார்வையை ஒரு தொடர்ச்சியாக விளக்கினார்: தொடக்கத்தில் மேற்பார்வையாளர் நேரடியாகச் சொல்லும் கட்டம், பிறகு இருவரும் சேர்ந்து அலசும் கட்டம், கடைசியில் தன்னைத் தானே மேற்பார்வையிடும் கட்டம். இதைப் படிப்பு ஆண்டோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. குழந்தைகளோடு பிரமாதமாக வேலை செய்யும் இன்டர்ன், பக்கவாதத்துக்குப் பின் பேச்சிழந்த ஒரு பெரியவர் முன் முதல் தடவை உட்காரும்போது மறுபடியும் புதியவர்தான். அன்றைக்குக் கேள்வியாகக் கேட்டுத் துளைக்காதீர்கள். என்ன செய்ய வேண்டும் என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

பெற்றோர் எதிரில் திருத்துவது, ஒரே நாளில் பத்துக் குறை சொல்வது — இவை தவறு என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் செய்கிறோம். ஒரு செஷனுக்கு இரண்டு விஷயம் போதும்.

அப்புறம் மதிப்பெண். செமஸ்டர் கடைசியில், மதிப்பெண் தாளில்தான் ஒரு குறையை முதன்முதலாகப் பார்க்கிறார் மாணவர் என்றால், அதற்கு மதிப்பெண் குறைக்க நமக்கு உரிமை இல்லை என்பது என் கட்சி. நான் தேதி போட்டு ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எந்தக் குறையை என்றைக்குச் சொன்னேன், அடுத்த செஷனில் மாறியதா என்று அதில் இருக்கும். அதில் இல்லாத எதற்கும் நான் மதிப்பெண் பிடிப்பதில்லை.