மெடிக்கேர் புரோக்கரைப் பார்க்கப் போகிறீர்களா?

அமெரிக்காவில் 65 வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடுதான் மெடிக்கேர். எந்த வேலை யாருடையது என்பதில்தான் முதல் குழப்பம். மெடிக்கேர் பார்ட் ஏ (ஆஸ்பத்திரிச் செலவு), பார்ட் பி (டாக்டர் செலவு) இரண்டுக்கும் பதிவது சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸில். 65 வயது ஆகும் மாதம், அதற்கு முன் மூன்று, பின் மூன்று என ஏழு மாத அவகாசம். இதற்குப் புரோக்கர் தேவையில்லை. சிவப்பு, வெள்ளை, நீலக் கோடு போட்ட மெடிக்கேர் அட்டை கைக்கு வருவது உறுதியான பிறகு, அதன் மேல் என்ன பிளான் வாங்குவது என்ற இடத்தில்தான் அவருக்கு வேலை.

நீங்களோ உங்கள் துணையோ இங்கே பத்து வருடம் வரி கட்டி வேலை பார்த்திருந்தால் பார்ட் ஏ இலவசம். பிள்ளைகள் கிரீன் கார்டில் அழைத்து வந்த அப்பா அம்மாவுக்குக் கதை வேறு. ஐந்து வருடம் தொடர்ந்து இங்கே வசித்திருக்க வேண்டும், பார்ட் ஏ-யைக் காசு கொடுத்தும் வாங்க வேண்டும்: 2026இல் மாதம் 565 டாலர். பார்ட் பி-க்கு எல்லோருக்கும் மாதக் கட்டணம் உண்டு, 2026இல் 202.90 டாலர், வருமானம் அதிகமென்றால் இன்னும் கூடும்.

நாங்கள் போனது நியூஜெர்சி எடிசனில் ஓக் ட்ரீ ரோட்டில் ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு குஜராத்திக்காரரிடம். உட்கார்ந்ததும் ஒரு தாளை நீட்டினார். எதைப் பற்றியெல்லாம் பேசலாம் என்று கட்டங்கள் போட்ட தாள். மெடிகேப் (மெடிக்கேர் கொடுத்தது போக மீதியைக் கட்டும் துணைக் காப்பீடு), அட்வான்டேஜ் (ஏ, பி இரண்டையும் தனியார் கம்பெனி வழியாக, பெரும்பாலும் அதன் டாக்டர் பட்டியலுக்குள் பெறுவது), பார்ட் டி (மருந்துக் காப்பீடு) மூன்றையும் டிக் செய்யுங்கள். இது பேசுவதற்கு அனுமதி மட்டும்தான், பிளானில் சேரும் கையெழுத்து இல்லை.

அவருக்கு நாம் ஒரு காசும் தர வேண்டாம், கமிஷன் கம்பெனி தருகிறது. எவ்வளவு என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. அட்வான்டேஜ் பிளானில் புதிதாக ஒருவரைச் சேர்த்தால் 2025இல் நியூஜெர்சியில் முதல் வருட உச்சவரம்பு 780 டாலர், அப்புறம் வருடா வருடம் அதில் பாதி. தனி பார்ட் டி பிளானுக்கு 109 டாலர்தான். பேச்சு ஏன் அட்வான்டேஜ் பக்கமே சாய்கிறது என்று இனி உங்களுக்குப் புரியும். அதற்காக அவரைச் சந்தேகப்பட வேண்டாம். “எந்தெந்த கம்பெனி பிளான்களை விற்கிறீர்கள், எதை விற்பதில்லை?” என்று நேராகவே கேளுங்கள். நல்லவர் பட்டியலைக் காட்டுவார்.

எங்களுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தார். “ஆன்ட்டி, பிரீமியம் ஜீரோ, பல்லுக்கும் கண்ணாடிக்கும் பணம் தருகிறான்” என்று ஒரு பக்கத்தைத் திறந்தார். “மார்கழியில் கும்பகோணம் போய்த் தையில்தான் திரும்புவோம். அங்கே இவருக்கு நெஞ்சு வலி வந்தால்?” என்று கேட்டேன். அந்தப் பக்கத்தை மூடிவிட்டு மெடிகேப் பக்கத்தைத் திறந்தார்.

ஊருக்கு வருடா வருடம் போகிறவர்களுக்கு இதுதான் முக்கியம். சாதாரண மெடிக்கேர் இந்திய ஆஸ்பத்திரிக்குப் பணம் தராது. மெடிகேப்பில் ‘ஜி’, ‘என்’ (G, N) போன்ற பிளான்கள் வெளிநாட்டு அவசர சிகிச்சைக்கு, 250 டாலர் நாம் கட்டியதும், மீதியில் 80 சதவீதம் தரும். பயணத்தின் முதல் 60 நாளுக்குள் ஆரம்பித்த சிகிச்சையாக இருக்க வேண்டும், ஆயுள் முழுக்க 50,000 டாலர் வரை. இரண்டு மாதத்துக்கு மேல் தங்கினால் தனியாகப் பயணக் காப்பீடு எடுங்கள். அட்வான்டேஜிலும் சில பிளான்கள் வெளிநாட்டு அவசரத்துக்குத் தருவதுண்டு. எவ்வளவு வரை என்று எழுத்தில் வாங்குங்கள். பிளானின் பகுதிக்கு வெளியே தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் பொதுவாக அட்வான்டேஜிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். பேரன் பேத்தி பார்க்க வந்து, பாதி வருடம் ஊரில் இருக்கும் பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மெடிகேப் பிரீமியம் மாதாமாதம் கையைக் கடிக்கும், உண்மை. ஆனால் 65க்குப் பிறகு பார்ட் பி தொடங்கிய ஆறு மாதத்துக்குள் கேட்டால் எந்த நோய் இருந்தாலும் மறுக்க முடியாது. அந்த ஆறு மாதம் போனால் பெரும்பாலான மாநிலங்களில் உடல்நிலையைக் கேட்பார்கள். பக்கத்து நியூயார்க்கில் இந்தக் கவலை இல்லை. இன்னொன்று, பிளான் ஜி-யின் அடிப்படைச் சலுகைகள் எந்த கம்பெனியில் வாங்கினாலும் ஒன்றேதான். விலைதான் வேறு. ஜி-க்கு எல்லா கம்பெனி விலையையும், கடந்த வருடங்களில் எவ்வளவு ஏற்றினார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

மாத்திரைப் பட்டியலைத் தலையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். டப்பாக்களையே ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். என் கணவர் “சர்க்கரைக்கு ஒரு மாத்திரை” என்பார்; டப்பாவில் ஜார்டியன்ஸ் 25 மில்லிகிராம், தினம் ஒன்று என்று இருக்கும். புரோக்கர் அதை அப்படியே தட்டினால்தான் எந்த பார்ட் டி பிளானில், எந்த மருந்துக்கடையில் வாங்கினால் வருடத்துக்கு எவ்வளவு என்பது வரும். கடை மாறினாலே தொகை மாறுவதைத் திரையில் பார்க்கலாம். பிரீமியம் குறைவான பிளானுக்கு வருட மொத்தம் கூடுதலாக வருவதும் உண்டு. பிளான் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு 2026இல் நம் கையிலிருந்து போவது 2,100 டாலரைத் தாண்டாது.

அட்வான்டேஜ்தான் என்று முடிவு செய்தால் டாக்டர் ஆபீஸுக்கு நீங்களே போன் செய்யுங்கள். “மெடிக்கேர் எடுப்பீர்களா?” என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். பில்லிங் பார்ப்பவரிடம் பிளானின் முழுப் பெயரையும் வாசித்துக் காட்டிக் கேளுங்கள்.

நீங்கள் கேட்காமலேயே போன் செய்து பிளான் விற்பது சட்டப்படி கூடாது. அப்படி வரும் அழைப்பில் மெடிக்கேர் எண்ணைச் சொல்லாதீர்கள்.

சேர்ந்த பிறகும் செப்டம்பரில் பிளானிலிருந்து மறுவருட மாற்றங்களைச் சொல்லும் கடிதம் வரும். புதிய மாத்திரைப் பட்டியலோடு அதையும் எடுத்துக்கொண்டு புரோக்கரைப் பாருங்கள். பார்ட் டி மாற்ற அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை நேரம். அவர் போனை எடுக்காவிட்டால் ஷிப் என்ற அரசு ஆலோசனைத் திட்டம் எல்லா மாநிலத்திலும் இருக்கிறது, இலவசம். அங்கே இருப்பவர்களுக்குக் கமிஷன் கிடையாது.