வெளிநாட்டில் நம்ம ஊர்ப் பால் ருசி: எந்த பாட்டிலை எடுப்பது, எப்படிக் காய்ச்சுவது

புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் பிரான்சுக்குக் குடிபோகிறவர்கள் முதல் வாரமே சொல்லும் குறை, "இங்க பால் நல்லா இல்ல, காபியே இறங்கல" என்பதுதான். பாலுக்கும் பாலாடைக்கட்டிக்கும் பேர்போன நாடு அது. அங்கே நல்ல பால் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் பெரிய கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற பால் வேறு, நம் நாக்கு தேடுகிற பால் வேறு. இரண்டையும் பிரித்தறியத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதி பாதி அடுப்பில் இருக்கிறது.

ஊரில் குடித்தது எந்தப் பால் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். டோன்ட் பால் என்றால் கொழுப்பு 3 சதவீதம், ஸ்டாண்டர்டைஸ்டு என்றால் 4.5, ஃபுல் கிரீம் என்றால் 6. ஆவின் பாக்கெட்டானாலும் புதுச்சேரியின் பான்லே பாக்கெட்டானாலும் உறையிலேயே அச்சிட்டிருப்பார்கள். பாகூர், வில்லியனூர், நெல்லிக்குப்பம் பக்கம் வீட்டு வாசலில் வாங்கிய கறந்த பால் என்றால், பெரும்பாலும் அது ஜெர்சி கலப்பின மாட்டுப் பாலாக இருக்கும். ஜெர்சி பாலில் இயல்பிலேயே கொழுப்பு கூடுதல். இந்த அளவுகோல் கையில் இல்லாமல் அங்கே போய் எந்த பாட்டிலை வாங்கினாலும் "தண்ணியா இருக்கு" என்றுதான் தோன்றும்.

கடையில் என்ன பார்ப்பது

பிரான்சில் பால் விற்கும் இடம் இரண்டு. ஒன்று, குளிர்பதனம் இல்லாத தட்டில் ஆறு ஆறாகக் கட்டி அடுக்கியிருக்கும் பால். அது யூ.எச்.டி. 135 முதல் 150 டிகிரி வரை சில நொடிகள் சூடாக்கி அடைத்தது. மாதக்கணக்கில் வெளியில் கிடந்தாலும் கெடாது. அந்த ஊர்க்காரர்களே பெரும்பாலும் வாங்குவது இதைத்தான். அவர்கள் காபியில் பால் ஒரு சொட்டு. நமக்குப் பால்தான் காபி. அவ்வளவு சூட்டில் பாலின் புரதம் உருக்குலைந்து லேசான கந்தக வாசம் வருகிறது. நாம் "வெந்த வாசம்" என்று முகம் சுளிப்பது அதைத்தான்.

இரண்டாவது இடம் தயிர், வெண்ணெய் இருக்கும் குளிர் அலமாரி. அதன் ஒரு மூலையில் கொஞ்சம் பாட்டில்கள்தான் இருக்கும். தேட வேண்டிய பெயர் 'லே ஃப்ரே', அதாவது புதுப்பால். 72 டிகிரியில் பதினைந்து இருபது நொடி சூடாக்கியது. பாட்டிலில் 'பாஸ்த்தூரிஸே' என்றிருக்கும். அதே அலமாரியில் 'மிக்ரோஃபில்த்ரே' என்று இன்னொரு வகையும் உண்டு. கொழுப்பைப் பிரித்துவிட்டு, மீதிப் பாலை மிக நுண்ணிய சல்லடையில் வடித்துக் கிருமியை நீக்கி, கொழுப்பைத் தனியாகச் சூடாக்கித் திரும்பச் சேர்ப்பார்கள். பாலின் பெரும்பகுதி கடும் சூடு காணாததால் ருசி நன்றாக நிற்கிறது. பாட்டிலைத் திறக்காமல் வைத்தால் ஏறத்தாழ மூன்று வாரம் தாங்கும். தினமும் கடைக்குப் போக முடியாத, வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைத்தான் சிபாரிசு செய்வோம்.

அடுத்து மூடியின் நிறம். பிரான்சில் சிவப்பு என்றால் 'ஆந்தியே', முழுப்பால், கொழுப்பு 3.5 சதவீதத்துக்குக் குறையாது. நீலம் 'தெமி எக்ரெமே', பாதி கொழுப்பு எடுத்தது, 1.5 முதல் 1.8 வரை. பச்சை 'எக்ரெமே', கொழுப்பே இல்லாதது என்று சொல்லலாம். ஊரில் நீலப் பாக்கெட் வாங்கிப் பழகிய கை அங்கேயும் நீலத்தை எடுத்துவிடும். ஊர் நீலத்தில் 3 சதவீதம், அந்த ஊர் நீலத்தில் பாதிதான். "பால் தண்ணி" என்ற புகாரில் பெரும்பகுதி இங்கே தொடங்குகிறது.

லண்டனில் இருக்கிற உறவினரிடம் யோசனை கேட்டால் குழப்பம் இன்னும் கூடும். அங்கே நிறம் தலைகீழ்: நீலம்தான் முழுப்பால், பச்சை பாதி, சிவப்பு கொழுப்பு எடுத்தது. நிறத்தை நம்பாதீர்கள். முதுகுப் பக்கம் 100 மில்லிக்கு எத்தனை கிராம் கொழுப்பு என்று எழுதியிருக்கும். 3.5-க்குக் கீழே இருந்தால் காபிக்கு வேண்டாம்.

'சான் லாக்தோஸ்' என்று எழுதிய பாலைத் தெரியாமல் எடுத்துவிடாதீர்கள். பால் சர்க்கரையை முன்கூட்டியே உடைத்திருப்பதால் அது தித்திக்கும், காய்ச்சினால் சீக்கிரம் பழுப்பேறும். பால் செரிக்காதவர்களுக்கு அது நல்லது. மற்றவர்களுக்கு "பாலில் சர்க்கரை கலந்துட்டானா" என்ற சந்தேகம்தான் வரும்.

பாட்டிலை எடுக்கும்போது இன்னொன்று. ஒளி ஊடுருவும் பாட்டில் கடை விளக்கு வெளிச்சத்தில் நாள் கணக்கில் நின்றால் பாலில் காகித அட்டை மாதிரி ஒரு சுவை ஏறும். பாலில் உள்ள ரிபோஃப்ளாவின் சத்து ஒளியை வாங்கிக் கொழுப்பையும் புரதத்தையும் கெடுப்பதால் வருவது அது. வெளிச்சம் புகாத பாட்டில் இருந்தால் அதை எடுங்கள், இல்லாவிட்டால் வரிசையில் பின்னால் இருப்பதை எடுங்கள்.

ஆடை வேண்டும் என்றால்

குளிர் அலமாரியில் சிவப்பு மூடி வாங்கியும் சிலருக்கு மனம் நிறையாது. காய்ச்சி ஆறவைத்தால் மேலே கெட்டியாக ஆடை படியவில்லை என்பார்கள். காரணம் ஹோமோஜினைஸ் செய்வது. பாலை மிகுந்த அழுத்தத்தில் நுண்துளை வழியே செலுத்திக் கொழுப்புத் துளிகளைப் பொடிப்பொடியாக உடைத்துவிடுகிறார்கள். உடைந்த துளி மேலே ஏறி வராது. கொழுப்பு அங்கேயேதான் இருக்கிறது, ஆனால் ஆடையாகத் திரளாது. 'நோன் ஓமோழெனெய்ஸே' என்று எழுதிய பாட்டில் கிடைத்தால் விடாதீர்கள். இயற்கை விளைபொருள் கடைகளில்தான் அதிகம் இருக்கும். கழுத்துப் பகுதியில் மஞ்சள் கலந்த வெண்மையாக ஒரு பட்டை ஒட்டிக்கொண்டிருக்கும். அது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை, ஏறி நிற்கும் கொழுப்பு. ஊற்றும் முன் பாட்டிலைக் குலுக்குங்கள்.

அதற்கும் மேலே ஒரு படி, கறந்தபடியே விற்கும் 'லே க்ரு'. பிரான்சில் அதன் அடையாள நிறம் மஞ்சள். பண்ணை வாசலிலும் வாரச் சந்தையிலும் சில ஊர்களில் தானியங்கி இயந்திரத்திலும் கிடைக்கும். சார்செல், கார்ழ் போன்ற பாரிஸ் புறநகரில் நம்மவர்கள் நிறைய இருக்கிறார்கள். அங்கிருந்து வடக்கே வண்டி எடுத்தால் சீக்கிரமே வயல்வெளி வந்துவிடும். நாலு குடும்பம் சேர்ந்து முறை வைத்து வாங்கினால் கட்டுப்படியாகும்.

கறந்த பாலுக்குச் சில கட்டாய விதிகள் உண்டு. அது கிருமி நீக்காத பால். லிஸ்டீரியா, ஈ-கோலி போன்றவை இருக்க வாய்ப்புண்டு. பொங்கக் காய்ச்சாமல் ஒரு வாய்கூட யாரும் குடிக்கக் கூடாது. கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள் இருக்கும் வீட்டில் இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. வாங்கப் போகும்போது ஐஸ் கட்டி வைத்த குளிர்ப்பை கொண்டுபோங்கள். 4 டிகிரிக்கு மேல் ஏற விடாதீர்கள். கறந்த மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். பாத்திரம் நம்முடையது என்றால் கொதிநீர் விட்டுக் கழுவிக் கவிழ்த்துக் காயவைத்தது வேண்டும். காய்ச்சும் முன் ஒரு கரண்டி பாலைத் தனியாகக் கொதிக்கவைத்துப் பாருங்கள். திரிந்தால் ஒரு கரண்டியோடு போகும், நல்ல பாலோடு கலந்து முழுப் பாத்திரமும் வீணாகாது.

கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் கறந்தபடியே பசும்பால் விற்பதே சட்டப்படி கூடாது, தேடி அலைய வேண்டாம். ஜெர்மனியில் பண்ணையில் விற்பார்கள், காய்ச்சிக் குடிக்கவும் என்ற அறிவிப்போடு. ஜெர்மன் கடைகளில் 'லேங்கர் ஹால்ட்பார்' என்றால் கூடுதல் சூடு காட்டியது, 'ட்ரடிட்சியோனெல்' என்றால் பழைய முறையில் குறைந்த சூட்டில் பதப்படுத்தியது. இரண்டும் ஒரே குளிர் அலமாரியில்தான் நிற்கும். வாங்க வேண்டியது இரண்டாவதை.

எந்த மாடு, என்ன தீனி

பிரான்சில் பெரும்பாலான பால் ப்ரிம் ஹோல்ஸ்டைன் மாட்டுடையது. கறுப்பு வெள்ளை மாடு, கறவை அதிகம், பால் அடர்த்தி சுமார். நோர்மாந்தியின் நோர்மாந்து மாட்டுப் பால் அதைவிடக் கொழுப்பானது. மலைப்பகுதியின் மோன்பெலியார்து மாட்டுப் பால் பாலாடைக்கட்டிக்குப் பேர்போனது. நம் நாக்குக்கு மிக அருகில் வருவது ஜெர்சி பால். கொழுப்பு 5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஊரில் கறந்த பாலுக்குப் பின்னாலும் அதே இனம்தான் என்பதால் இதில் வியப்பில்லை. இங்கிலாந்தில் 'கோல்ட் டாப்' என்ற பெயரில் சாதாரணக் கடையிலேயே கிடைக்கும். பிரான்சில் தேடித்தான் வாங்க வேண்டும்.

பாட்டிலில் நீள்வட்ட முத்திரை ஒன்று இருக்கும். பிரான்சைக் குறிக்கும் இரண்டு எழுத்தை அடுத்து வரும் இலக்கம் மாவட்ட எண். 14 அல்லது 50 என்றால் நோர்மாந்தியில் அடைத்தது, 25 அல்லது 39 என்றால் மோன்பெலியார்து மாடுகள் மேயும் கிழக்கு மலைப்பக்கம். அடைத்த இடத்தைத்தான் அது சொல்லும், மாட்டின் இனத்தை உறுதி சொல்லாது. இருந்தாலும் தேர்ந்தெடுக்க ஒரு துப்பு.

பாலில் புளித்த தழை வாசம் அடித்தால் அது குளிர்காலத் தீனி. அறுத்த சோளத்தட்டையையும் புல்லையும் காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்துப் போடுவார்கள். நம் ஊர் மாடு வைக்கோலும் பிண்ணாக்கும் தின்பது, அதனால் அந்த வாசம் நமக்குப் புதிது. புல் மேய்ந்த பால், உலர்புல் தின்ற பால் என்று எழுதியதை வாங்கினால் அது குறையும். வசந்தத்திலும் கோடையிலும் பால் லேசான மஞ்சளாக இருப்பது பச்சைப் புல்லின் கரோட்டினால்.

அடுப்பில்

கிருமி நீக்கிய குளிர் அலமாரிப் பாலைக் காய்ச்சாமலே குடிக்கலாம்தான். ஆனால் நாம் தேடும் ருசி காய்ச்சிய பாலின் ருசி. அடிகனமான பாத்திரத்தைத் தண்ணீரில் அலசி, துடைக்காமல், அந்த ஈரத்தோடு பாலை ஊற்றுங்கள், அடிப்பிடிப்பது குறையும். இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் ஒன்பதில் ஐந்துக்கு மேல் வைக்காதீர்கள். அதன் சூடு அடியில் ஒரே இடத்தில் குவிந்து பாலைத் தீய்த்துவிடும், தீய்ந்த வாசம் முழுப் பாலிலும் ஏறிவிடும். பொங்கி வந்ததும் தீயைக் குறைத்து, கரண்டியால் கிளறிக்கொண்டே 1 லிட்டரை 750 மில்லியாகச் சுண்டவிடுங்கள். 3.5 சதவீதக் கொழுப்பு 4.7-ஐ நெருங்கும். டிகாக்‌ஷனில் விட்டால் நிறம் மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: சாம்பல் பூத்த பழுப்பு போய், டபராவில் ஆற்றும்போது செம்பழுப்பாக நுரைக்கும்.

சுண்டவைக்க நேரமில்லை என்றால் 30 சதவீதக் கொழுப்புள்ள திரவ கிரீமைச் சேருங்கள். 1 லிட்டர் முழுப்பாலுக்கு 40 மில்லி சேர்த்தால் 4.5 சதவீதம் வரும், 100 மில்லி சேர்த்தால் ஏறக்குறைய ஃபுல் கிரீம் அளவு. குளிர் அலமாரியில் இருக்கும் 'க்ரெம் ஃப்ளொரெத்' நல்லது. கெட்டியாக டப்பாவில் வரும் 'க்ரெம் ஃப்ரெஷ்' புளிக்கவைத்தது, காபியில் விட்டால் திரிந்த மாதிரி ஆகிவிடும். கிரீம் மட்டும் அதிகம் சேர்த்தால் மேலே எண்ணெய் மிதக்கும், அடர்த்தி வராது. பால் பவுடர் 10 கிராம் கரைத்துவிட்டால் சரியாகும்.

யூ.எச்.டி. தவிர வேறு வழியே இல்லாத ஊரில் மாட்டிக்கொண்டால், மூடாமல் ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். கந்தக வாசம் கொஞ்சம் ஆவியோடு போகும். அந்தப் பாலைக் காபிக்கு வைத்துக்கொள்ளாமல் இஞ்சி டீக்கும் பாயசத்துக்கும் தள்ளுங்கள். பன்னீருக்கு அது உதவாது. எலுமிச்சை பிழிந்தால் கட்டியாகத் திரளாமல் குழைந்த துகளாக நிற்கும்.

வளைகுடா நாடுகளில் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. குளிர் அலமாரியில் இருந்தாலும் பால் பவுடரைக் கரைத்துச் செய்த பாலாக இருக்கலாம். உட்பொருள் பட்டியலில் முதலில் பால் என்று இருக்கிறதா, தண்ணீரும் பவுடரும் என்று இருக்கிறதா என்று பாருங்கள். அரபியில் மட்டும் எழுதியிருந்தால் கைப்பேசியில் படம் பிடித்து மொழிபெயர்த்துக்கொள்ளலாம்.

தயிர்

உறைக்கு ஊரிலிருந்து மோர் கொண்டுபோக வேண்டியதில்லை. எதுவும் கலக்காத 'யவூர்த் நாத்யூர்' போதும். ஆனால் அதிலுள்ள கிருமிகளுக்கு நம் வீட்டு உறைமோரைவிடக் கூடுதல் சூடு வேண்டும். காய்ச்சிய பால் 43 டிகிரிக்கு ஆறியதும், அதாவது விரலை வைத்தால் பத்து எண்ணும் வரை தாங்கும் சூட்டில், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி கலந்து, அணைத்து வைத்த ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு ஆறு முதல் எட்டு மணி நேரம் வையுங்கள். குளிர்காலத்தில் சமையல் மேடையில் வைத்தால் மறுநாளும் பாலாகவேதான் இருக்கும். யூ.எச்.டி. பாலில் தயிர் தளர்ந்து உறையும். இரண்டு மேசைக்கரண்டி பால் பவுடர் சேர்த்தால் கெட்டிப்படும். நூல் நூலாகக் கொழகொழத்தால் உறையில் வேறு கிருமி சேர்ந்துவிட்டது என்று பொருள். அந்த உறையைக் கொட்டிவிட்டுப் புதிய கிண்ணம் வாங்கித் தொடங்குங்கள்.

ஆடை சேர்த்து நெய் உருக்க நினைப்பவர்கள் ஹோமோஜினைஸ் செய்யாத பாலுக்குத்தான் போக வேண்டும். காய்ச்சிய பாலை மூடாமல் ஆறவைத்து, பிறகு மூடி ஓர் இரவு குளிர்ப்பெட்டியின் உள்தட்டில் வைத்தால் கரண்டியால் முழுசாக வழித்தெடுக்க வரும். கதவுத் தட்டில் வைக்காதீர்கள், திறக்கும்போதெல்லாம் சூடேறும். பக்கத்தில் மீன் குழம்பு இருந்தால் ஆடை அந்த வாசத்தை வாங்கிக்கொள்ளும், இறுக்கமான மூடி தேவை. ஐந்தாறு நாள் சேர்ந்ததும் ஒரு கரண்டி தயிர் கலந்து புளிக்கவிட்டுக் கடையலாம். அவ்வளவு பொறுமை இல்லை என்றால் உப்பில்லாத வெண்ணெய், 'பேர் தூ', 82 சதவீதக் கொழுப்போடு எல்லாக் கடையிலும் இருக்கிறது. 'தெமி செல்' என்று எழுதியதை எடுத்தால் நெய்யில் உப்பு அடியில் தங்கும்.