நொடிக்கு 192 மாதிரியிலிருந்து 38,461 வரை: ஆர்டுயினோ ஊனோவில் அனலாக் சென்சாரை வேகமாகப் படித்தல்

மைக்ரோஃபோன் மாட்யூல் ஒன்றை ஊனோவில் இணைத்து, கைபேசிச் செயலி ஒன்றின் உதவியால் 1000 ஹெர்ட்ஸ் ஒலியை எழுப்பிப் பார்த்தேன். சீரியல் பிளாட்டரில் (ஆர்டுயினோ மென்பொருளின் வரைபடச் சாளரம்) அழகான அலை வந்தது. ஆனால் அது நொடிக்கு ஏறத்தாழ 40 முறைதான் ஏறி இறங்கியது. மைக்தான் பழுது என்று முடிவு செய்து இன்னொன்று வாங்கினேன். அதிலும் அதே 40.

மைக்கில் ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு அளவையும் எடுத்தவுடன் 9600 பாட் வேகத்தில் கணினிக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். பாட் என்பது இங்கே நொடிக்குப் போகும் பிட்டுகள். ஓர் எழுத்துக்குப் பத்து பிட் ஆவதால், அந்த வேகத்தில் நொடிக்கு 960 எழுத்துகள்தான் போகும். ‘512’ போன்ற மூன்று இலக்க எண்ணும் வரி முடிவுக்கான இரண்டு எழுத்துகளும் சேர்ந்தால் ஐந்து. ஆக, நொடிக்கு 192 அளவுகள். 1000 ஹெர்ட்ஸ் அலையை 192 முறை மட்டும் எட்டிப் பார்த்தால், 1000-இலிருந்து ஐந்து 192-களைக் கழித்து மிஞ்சும் 40 ஹெர்ட்ஸ் அலையாகவே அது தோன்றும். திரைப்படத்தில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தெரிவதும் இதே காரணத்தால்தான். மெதுவாகப் படித்தால் விவரம் குறையும் என்று மட்டும் நினைத்திருந்தேன். இல்லாத அலையையே அது காட்டிவிடும் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

வேகத்தை எங்கே இழக்கிறோம் என்று அளந்து, ஒவ்வொரு தடையாக நீக்குவோம்.

படி 1: இணைப்பு

தேவையானவை: ஏடிமெகா328பி சில்லு உள்ள ஊனோ, பெருக்கி சேர்ந்த எலெக்ட்ரெட் மைக் மாட்யூல் (மேக்ஸ்4466 வகை எளிதாகக் கிடைக்கிறது), மூன்று ஒயர்கள். மாட்யூலின் மின்முனையை 5 வோல்ட்டுக்கும், கிரவுண்டை கிரவுண்டுக்கும், வெளியீட்டை ஏ0 முனைக்கும் இணையுங்கள். அமைதியான அறையில் வெளியீடு 2.5 வோல்ட் அளவில் நிற்கும். ஒலி வரும்போது அதற்கு மேலும் கீழும் ஆடும்.

படி 2: முதலில் அளந்து பாருங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் படி இது. தயவுசெய்து தாண்ட வேண்டாம்.

‘மைக்ரோஸ்’ செயற்கூறால் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முனையின் மின்னழுத்தத்தைப் படிக்கும் ‘அனலாக்ரீட்’ செயற்கூறை ஒரு சுழலில் 1000 முறை அழையுங்கள். மீண்டும் நேரத்தைக் குறித்து, இரண்டுக்குமான வித்தியாசத்தை மட்டும் கடைசியில் அச்சிடுங்கள். ஏறத்தாழ 1,12,000 மைக்ரோ வினாடி வரும். அதாவது ஓர் அளவுக்கு 112. (ஊனோவில் ‘மைக்ரோஸ்’ 4 மைக்ரோ வினாடிப் படிகளில்தான் நகரும். அதனால் ஒரே ஓர் அழைப்பை அளந்து முடிவுக்கு வராதீர்கள்.)

இப்போது அதே சுழலுக்குள் அச்சிடும் வரியைச் சேருங்கள். 9600 பாடில் 1000 அளவுகளுக்கு ஐந்து வினாடிக்கு மேல் ஆகும். படிப்பதற்கு ஒரு வினாடியின் ஒன்பதில் ஒரு பங்கு, சொல்வதற்கு ஐந்து வினாடி! 115200 பாடுக்கு மாற்றினால் அரை வினாடிக்குள் முடியும். ஆனாலும் படிப்பதைவிடச் சொல்வதற்கே அதிக நேரம் போகிறது. ஆகவே முதலில் எல்லா அளவுகளையும் நினைவகத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அனுப்புவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்த ஒரு மாற்றத்திலேயே நொடிக்கு 192 என்பது 8,900-க்கு அருகில் போய்விடும். சில்லின் நடத்தையை அமைக்கும் உள் நினைவிடங்களான ரெஜிஸ்டர்களில் ஒன்றைக்கூட இன்னும் தொடவில்லை.

படி 3: அந்த 112 மைக்ரோ வினாடி எங்கே போகிறது?

சில்லுக்குள் இருக்கும் அனலாக் மாற்றி தராசைப்போல வேலை செய்கிறது. முதலில் முழு அளவில் பாதி எடையுள்ள படிக்கல்லை வைக்கிறது. பொருள் கனமாக இருந்தால் கல்லை விட்டுவிட்டு அடுத்ததாகக் கால் எடையைச் சேர்க்கிறது. இல்லையென்றால் பாதியை எடுத்துவிட்டுக் கால் எடையை வைக்கிறது. இப்படிப் பத்து முறை ஒப்பிட்டால் பத்து பிட் விடை, அதாவது 0 முதல் 1023 வரை ஓர் எண் கிடைக்கும். முன்பின் வேலைகளையும் சேர்த்து ஓர் அளவுக்கு 13 கடிகாரத் துடிப்புகள் ஆகும்.

ஊனோவின் கடிகாரம் 16 மெகாஹெர்ட்ஸ். ஆனால் மாற்றிக்கு அது நேராகப் போவதில்லை. ‘ப்ரீஸ்கேலர்’ என்னும் வகுப்பான் அதை 128 ஆல் வகுத்து 125 கிலோஹெர்ட்ஸாகக் கொடுக்கிறது. 13 துடிப்புகளுக்கு 104 மைக்ரோ வினாடி. மிச்சம், செயற்கூறை அழைத்துத் திரும்புவதற்கான செலவு.

128 என்பது பாதுகாப்பான தேர்வு. முழுப் பத்து பிட் துல்லியம் வேண்டுமானால் மாற்றியின் கடிகாரம் 50 முதல் 200 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும் என்று சில்லின் தரவேடு சொல்கிறது. துல்லியம் சற்றுக் குறைந்தாலும் போதும் என்றால் அதற்கு மேலும் போகலாம். ஒலி அலையின் வடிவத்தைப் பார்க்க எட்டு பிட் போதும். வெப்பநிலை சென்சார் வைத்திருப்பவர்கள் இங்கேயே நின்றுவிடலாம். அவர்களுக்கு இந்த வேகம் தேவையே இல்லை.

படி 4: வகுப்பானை மாற்றுதல்

‘ஏடிசிஎஸ்ஆர்ஏ’ என்னும் ரெஜிஸ்டரின் கடைசி மூன்று பிட்டுகள்தான் வகுப்பான். 111 என்றால் 128, 110 என்றால் 64, 101 என்றால் 32, 100 என்றால் 16. ‘செட்டப்’ பகுதியில் இந்த ரெஜிஸ்டருக்கு 10000101 என்ற இரும எண்ணைக் கொடுங்கள். (எண்ணுக்கு முன் சுழியமும் சிறிய ‘பி’ எழுத்தும் சேர்த்தால்தான் கம்பைலர் அதை இரும எண்ணாக எடுத்துக்கொள்ளும்.) முதலில் உள்ள 1, மாற்றியை இயக்கத்தில் வைக்கிறது. 101, கடிகாரத்தை 500 கிலோஹெர்ட்ஸாக ஆக்குகிறது.

படி 2-இன் சோதனையை மீண்டும் ஓட்டுங்கள். ஓர் அளவுக்கு 30 மைக்ரோ வினாடியை ஒட்டி வரும். 16-ஐயும் பயன்படுத்தலாம், அப்போது கடிகாரம் 1 மெகாஹெர்ட்ஸ், ஓர் அளவுக்கு 13 மைக்ரோ வினாடி. நான் 32-இலேயே நிற்கிறேன். ஏன் என்பது படி 6-இல் புரியும்.

படி 5: சென்சாரால் ஈடுகொடுக்க முடிகிறதா?

மாற்றியின் வாசலில் 14 பிகோஃபாரட் அளவுள்ள சிறிய மின்தேக்கி இருக்கிறது. ஒவ்வொரு அளவுக்கும் முன்னால் சென்சார் அதை நிரப்ப வேண்டும். சென்சாரின் வெளியீட்டு மின்தடை 10 கிலோ ஓமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது தரவேடு. மைக் மாட்யூலில் பெருக்கி இருப்பதால் நமக்குக் கவலையில்லை. ஆனால் ஒளி உணர் மின்தடையை 100 கிலோ ஓம் மின்தடையோடு இணைத்திருப்பவர்களுக்கு இது தொல்லை. கடிகாரத்தைக் கூட்டக் கூட்ட, தேக்கி நிரம்பக் கிடைக்கும் நேரம் சுருங்குகிறது. இரண்டு முனைகளை மாறி மாறிப் படிக்கும்போது, ஒன்றின் சாயல் மற்றொன்றின் அளவில் தெரியும்.

முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் தேக்கியை வையுங்கள் என்று பலர் ஆலோசனை சொல்வார்கள். மெதுவாக மாறும் சென்சாருக்கு அது நல்ல மருந்து. ஆனால் 100 கிலோ ஓமோடு சேர்ந்தால் அதன் நேர மாறிலி (தேக்கி நிரம்பும் வேகத்தைக் காட்டும் அளவு) 10 மில்லி வினாடி. வேகமான அலை அதிலேயே அமுங்கிப்போகும். வேகம் வேண்டும் என்றால் சரியான வழி, ஆப்-ஆம்ப் என்னும் பெருக்கிச் சில்லு ஒன்றை இடையில் தாங்கியாக வைப்பதுதான்.

படி 6: கேட்காமலே அளவு வரட்டும்

‘அனலாக்ரீட்’ ஒவ்வொரு முறையும் மாற்றியைத் தொடங்கி, முடியும் வரை காத்து நிற்கிறது. அதற்குப் பதிலாக, ஓர் அளவு முடிந்தவுடன் அடுத்ததைத் தானே தொடங்கும்படி மாற்றியிடம் சொல்லிவிடலாம். விடை தயாரானதும் இன்டரப்ட், அதாவது ஓடும் வேலையை இடைநிறுத்தும் அழைப்பு, நம்மை அழைக்கும்.

1000 இடங்கள் கொண்ட ‘பைட்’ வகை வரிசை ஒன்றையும், ஒரு சுட்டெண்ணையும் ‘வோலட்டைல்’ (இன்டரப்டில் மாறக்கூடியது என்று கம்பைலருக்குச் சொல்லும் குறிப்பு) என்று அறிவியுங்கள். இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். வரிசையை ‘இன்ட்’ வகையில் வைத்தால் 2000 பைட் போய்விடும். ஊனோவின் மொத்த நினைவகமே 2048 பைட்தான். சுட்டெண்ணையோ ‘பைட்’ வகையில் வைக்கக் கூடாது. 255-ஐ அடுத்து மீண்டும் 0-க்குத் திரும்பி, 1000-ஐ எட்டவே எட்டாது. அதற்கு ‘இன்ட்’ வேண்டும்.

பிறகு மூன்று ரெஜிஸ்டர்களை இந்த வரிசையிலேயே எழுதுங்கள்:

ஏடிமக்ஸ்: 01100000. ஒப்பீட்டு மின்னழுத்தம் 5 வோல்ட், முனை ஏ0. மூன்றாவதாக உள்ள 1, விடையை இடப்பக்கம் ஒதுக்குகிறது. அதனால் மேல் எட்டு பிட்டுகளை ஒரே பைட்டாக எடுக்கலாம்.

ஏடிசிஎஸ்ஆர்பி: 00000000. தானாகத் தொடரும் முறை.

ஏடிசிஎஸ்ஆர்ஏ: 11101101. இயக்கு, தொடங்கு, தொடர்ந்து செய், இன்டரப்டை அனுமதி, 32 ஆல் வகு. இதை எழுதிய கணமே அளவெடுப்பு தொடங்கிவிடும். அதனால்தான் இது கடைசியில் வருகிறது.

‘ஏடிசி வெக்ட்’ இன்டரப்டுக்கான பகுதியில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: ‘ஏடிசிஹெச்’ ரெஜிஸ்டரை வரிசையில் போட்டு, சுட்டெண்ணை ஒன்று கூட்டுங்கள். 1000 ஆனதும் ஏடிசிஎஸ்ஆர்ஏவை 10000101 ஆக்கி அளவெடுப்பை நிறுத்துங்கள். உள்ளே அச்சிடாதீர்கள். ஓர் அளவுக்கும் அடுத்ததற்கும் இடையில் 26 மைக்ரோ வினாடி, அதாவது செயலிக்கு 416 துடிப்புகள்தான் இருக்கின்றன. வகுப்பானை 16 ஆக்கினால் அதுவும் 208 ஆகச் சுருங்கிவிடும். மற்ற இன்டரப்டுகளுக்கும் அதற்குள்தான் இடம் வேண்டும். நான் 32-இல் நிற்பதற்கு இதுவும் துல்லியமும் காரணங்கள்.

அளவெடுப்பு நடக்கும்போது வேறெங்கும் ‘அனலாக்ரீட்’ அழைக்காதீர்கள். மாற்றி ஓயாமல் ஓடுவதால், அது முடிவில்லாமல் காத்துக் கிடக்கக்கூடும்.

படி 7: சரிபார்த்தல்

வரிசை நிரம்பியதும் ‘லூப்’ பகுதியில் நிதானமாக 1000 எண்களையும் அச்சிட்டு, விரிதாளில் ஒட்டி வரைபடமாக்குங்கள். 1000 அளவுகள், தலா 26 மைக்ரோ வினாடி: மொத்தம் 26 மில்லி வினாடி. 1000 ஹெர்ட்ஸ் ஒலி அதற்குள் 26 முறை ஏறி இறங்க வேண்டும். முகடுகளை விரலால் எண்ணுங்கள். 26 வந்தால் எல்லாம் சரி. 13 வந்தால் வகுப்பான் இன்னும் 16-இல் இருக்கிறது. 52 என்றால் 64-இல் இருக்கிறது. அமைதியில் எண்கள் 128-ஐ ஒட்டி நிற்க வேண்டும். 64 போல வந்தால், பெரும்பாலும் மாட்யூலுக்கு 5 வோல்ட் ஒழுங்காகப் போகவில்லை என்று பொருள். மாற்றி இயங்கத் தொடங்கியதும் எடுக்கும் முதல் அளவுக்கு மட்டும் 25 துடிப்புகள் ஆகும். அதைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம்.

26 மில்லி வினாடி போதாது, தொடர்ந்து வேண்டும் என்றால் 500 பைட் வரிசைகள் இரண்டை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நிரம்பும்போது மற்றதை அனுப்புங்கள். நொடிக்கு 38,461 பைட்டுகளை அனுப்ப 115200 பாட் போதாது. அது 11,520 பைட்டுகளைத்தான் தாங்கும். 500000 பாட் என்றால் 50,000 வரை போகும். அங்கே எண்ணை எழுத்துகளாக அச்சிடாமல், ‘ரைட்’ செயற்கூறால் பைட்டாகவே அனுப்ப வேண்டும்.