வெளிநாட்டுப் பெரிய ஹோட்டலில் செட் லஞ்ச்: ஊரில் இருந்தே முடிக்க வேண்டிய வேலைகள்

பாரிஸ், சிங்கப்பூர், டோக்கியோ, துபாய் என எங்கே போனாலும் இதைப் பார்க்கலாம். இரவில் கிட்டேயே போக முடியாத விலையுள்ள ஹோட்டல்கள் பலவும் மதியம் மட்டும் ஒரு செட் மெனு வைத்திருக்கும், அதாவது சில வகைகளை மட்டும் வைத்து மொத்தத்துக்கு ஒரே விலை சொல்லும் சாப்பாடு. அதே அடுக்களை, அதே சமையல்காரர்கள். விலை பல இடங்களில் இரவு விலையில் பாதி, சில இடங்களில் அதற்கும் கீழே. வாடகையும் சம்பளமும் எப்படியும் போகிறது, வேலை நாள் மதியம் மேசைகள் காலியாகக் கிடக்கின்றன, இரண்டு மூன்று வகையை மட்டும் அளவாக வாங்கிச் சமைத்தால் சேதாரமும் குறைவு. அதனால்தான் அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது.

நம்ம ஊர்க் கல்யாணப் பந்தியை நினைத்துக்கொண்டால் பாதி விஷயம் புரிந்துவிடும். பருப்பு, சாம்பார், பாயசம், அப்புறம் ரசம், மோர் என்ற வரிசையை இலைமுன் உட்கார்ந்தவர் முடிவு செய்வதில்லை. செட் லஞ்சும் காலையிலேயே அடுக்களையில் முடிவான சாப்பாடு. ஆனால் நம் இலையில் பத்துப் பன்னிரண்டு தொடுகறி இருக்கும், ஒன்றிரண்டை ஒதுக்கினாலும் வயிறு நிறையும். அங்கே முதல் தட்டு, முக்கியத் தட்டு, இனிப்பு என்று பெரும்பாலும் மூன்றே தட்டு. ஒன்றைத் தள்ளினால் கொடுத்த காசில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. எனவே சொல்ல வேண்டியதை மேசையில் உட்கார்ந்து சொல்லாமல், நாகர்கோவிலில் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

படி 1: நாளும் மணியும்

செட் லஞ்ச் பெரும்பாலும் வேலை நாட்களுக்கு மட்டும். பிரான்சில் மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் "சனி, விடுமுறை நாட்கள் நீங்கலாக" என்று போட்டிருப்பார்கள். ஞாயிறும் திங்களும் கடையையே மூடும் பெரிய ஹோட்டல்கள் அங்கே ஏராளம். பாரிஸில் ஆகஸ்ட்டில் சில வாரங்கள் முழுக்க மூடுவதும் வழக்கம். துபாயில் இதற்கு 'பிசினஸ் லஞ்ச்' என்று பெயர். அங்கே 2022 முதல் வார விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறிவிட்டது, பழைய வெள்ளிக்கிழமைக் கணக்கை வைத்துத் திட்டம் போட வேண்டாம்.

ஊரில் இரண்டு மணிக்குச் சாப்பிட்டுப் பழகியவர்கள் பிரான்சில் பசியோடு திரும்ப வேண்டிவரும். அங்கே மதியச் சாப்பாடு 12-க்குத் தொடங்கி, ஒன்றரை இரண்டு மணிக்குள் ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிடுவார்கள். ஜப்பானிலும் ஏறத்தாழ அதே கணக்கு. ஸ்பெயினில் நேர்மாறு, இரண்டு மணிக்குத்தான் சூடு பிடிக்கும். முதல் நேரத்தையே பதிவு செய்யுங்கள் என்பேன். கவனிப்பு நன்றாக இருக்கும், மூன்று தட்டுச் சாப்பாட்டுக்கு ஆகும் ஒன்றரை மணி நேரமும் கையில் இருக்கும்.

படி 2: மெனுவையும் விலையையும் வாசிப்பது

பிரான்சில் 'மெனு' என்றாலே செட் சாப்பாடுதான். தனித்தனியாக ஆர்டர் செய்யும் பட்டியலுக்குப் பெயர் 'கார்த்'. 'ஃபார்முல்' என்றிருந்தால் பெரும்பாலும் இரண்டு தட்டு. 'ஆந்த்ரே' என்பது அங்கே முதல் தட்டு, அதே சொல் அமெரிக்காவில் முக்கியத் தட்டு. பெயருக்குப் பக்கத்தில் +12 என்று இருந்தால், அதைத் தேர்ந்தெடுப்பவர் 12 யூரோ கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

சிங்கப்பூரில் விலைக்குப் பின்னால் ++ இருந்தால், முதலில் 10% சேவைக் கட்டணம், அந்தக் கூட்டுத்தொகை மேல் 9% ஜி.எஸ்.டி. 58++ டாலர் என்பது 63.80 ஆகி, கடைசியில் 69.54 ஆகும். பிரான்சில் 45 என்றால் 45 தான், வரியும் சேவையும் அதற்குள்ளேயே அடக்கம். லண்டனில் வரி உள்ளே, ஆனால் 12.5% சேவைக் கட்டணம் பில்லில் சேர்ந்துவரும் இடங்கள் அதிகம். அமெரிக்காவில் வரி, டிப்ஸ் இரண்டும் வெளியே. நியூயார்க்கில் 50 டாலர் சாப்பாட்டுக்கு 8.875% வரியும் 20% டிப்ஸும் சேர்த்தால் 64.44 ஆகிறது.

படி 3: புக்கிங்

ஹோட்டலின் சொந்த வலைத்தளத்திலேயே பதிவு செய்யுங்கள். நீங்கள் எழுதும் குறிப்பு நேராக அவர்களுக்குப் போகும், எந்த மெனு என்றும் அங்கேயே தெரியும். ஜப்பானுக்கு 'டேபிள்செக்' என்ற புக்கிங் தளம் நல்லது, ஆங்கிலத்திலேயே வேலை முடியும். ஐரோப்பாவில் 'தி ஃபோர்க்' என்ற புக்கிங் தளம் காட்டும் தள்ளுபடி பெரும்பாலும் கார்த் உணவுக்குத்தான், செட் மெனுவுக்குப் பொருந்தாது. அதை நம்பிப் போகாதீர்கள்.

பெயர் போடும் இடத்தில் நம்மவர்களுக்கு ஒரு சிக்கல். இனிஷியல் மட்டும் போட்டால் சில படிவங்கள் ஏற்காது. கடைசிப் பெயர் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டால், வாசலில் அந்தப் பெயரில்தான் தேடுவார்கள். எதைப் போட்டீர்களோ அதை நினைவில் வைத்து, உறுதி மின்னஞ்சலைப் படமெடுத்து போனில் வையுங்கள்.

அடுத்தது கார்டு. வராமல் போனால் பிடித்துக்கொள்ள ஆளுக்கு இவ்வளவு என்று கார்டு எண் கேட்பார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 அக்டோபர் 1 முதல் கொடுக்கும் கார்டுகள் உள்நாட்டு ஏ.டி.எம்., கடை எந்திரம் ஆகியவற்றுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டையும் ஆன்லைன் பயன்பாட்டையும் வங்கிச் செயலியில் நாமே திறக்க வேண்டும், வரம்புத் தொகையும் வைக்க வேண்டும். கார்டில் பணம் இருந்தும் 'டிக்ளைன்ட்' வருவது பெரும்பாலும் இதனால்தான். ஓ.டி.பி. இந்திய எண்ணுக்குத்தான் வரும், ரோமிங் இல்லாத சிம்மில் அது வந்து சேராது. ஆகவே திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும் முன்பே பதிவை முடித்துவிடுங்கள்.

படி 4: உணவுக் குறிப்பு

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். 'வெஜிடேரியன்' என்று ஒற்றைச் சொல் எழுதினால் போதாது. ஜப்பானில் காய்கறிக் குழம்பிலும் டாஷி இருக்கும். அது பெரும்பாலும் உலர்த்திச் சீவிய மீனில் எடுத்த சாறு. இத்தாலிய பார்மிஜானோ சீஸ் கன்றுக்குட்டியின் இரைப்பை நொதியால் உறையவைத்தது. பன்னா கோட்டா, மூஸ் போன்ற இனிப்புகளில் விலங்குகளின் தோல், எலும்பில் எடுக்கும் ஜெலட்டின் இருக்கலாம். சாஸில் எலும்புச் சாறோ (ஸ்டாக்) ஒயினோ கலந்திருக்கும். எனவே எதுவரை வேண்டாம் என்று எழுத வேண்டும்: "இறைச்சி, மீன், முட்டை வேண்டாம்; ஸ்டாக், டாஷி, ஜெலட்டின், சமையலில் மது உட்பட." ஆங்கிலத்தில் இரண்டே வரி போதும்.

மீனும் இறைச்சியும் சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு குறிப்பு தேவை. 'டார்டார்', 'கார்ப்பாச்சியோ', 'செவிச்சே', 'சஷிமி' எல்லாம் அடுப்பில் வேகாதவை. செவிச்சேயில் எலுமிச்சைப் புளிப்பில் மீன் வெளுத்துவிடும், பார்த்தால் வெந்த மாதிரியே இருக்கும். வாத்து நெஞ்சுக்கறியும் ஆட்டுக்கறியும் நடுவில் சிவப்பாகவே வரும். தேங்காய் அரைத்த குழம்பில் கொதிக்கக் கொதிக்க மீன் சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு அது இறங்காது. "பச்சை மீன், பச்சை இறைச்சி வேண்டாம், நன்றாக வெந்தது வேண்டும்" என்று முன்கூட்டியே எழுதினால் வேறு தட்டு தயார் செய்வார்கள். மேசையில் சொன்னால் அதே வாத்தை இன்னும் கொஞ்சம் வாட்டிக் கொண்டுவருவார்கள், அது ரப்பர் மாதிரி இழுக்கும்.

இரண்டு நாளில் பதில் வராவிட்டால் மறுபடி ஒரு மின்னஞ்சல் போடுங்கள். முடியாது என்று பதில் வந்தால் வேறு ஹோட்டல் பாருங்கள். குறிப்பாக ஜப்பானில், முடியாததை முடியாது என்றே சொல்லிவிடும் இடங்கள் உண்டு, அது நமக்கும் நல்லதுதான்.

(பலர் கேட்பதால் இதையும் சேர்க்கிறேன்: குழந்தைகளை அனுமதிக்காத ஹோட்டல்களும் உண்டு. எத்தனை வயது என்று பதிவிலேயே எழுதிக் கேளுங்கள்.)

படி 5: மேசையில்

ஆண்கள் முழுக்கால் சட்டை, காலர் சட்டை, மூடிய ஷூ போட்டால் பெரும்பாலும் போதும். அரைக்கால் சட்டையும் செருப்பும் வேண்டாம். உட்கார்ந்ததும் 'செட் லஞ்ச் மெனு' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், சில இடங்களில் கார்த் பட்டியலை மட்டும் நீட்டுவார்கள். "ஸ்டில் ஆர் ஸ்பார்க்ளிங்?" (சாதாரணத் தண்ணீரா, சோடா மாதிரி குமிழி வரும் தண்ணீரா) என்று கேட்டால் இரண்டுமே காசுதான். பிரான்சில் "யூன் கராஃப் தோ" என்றால் குழாய்த் தண்ணீர் இலவசமாக வரும். போர்ச்சுகலில் கேட்காமல் வந்து உட்காரும் ரொட்டி, ஆலிவ், சீஸுக்கு, தொட்டால் பில் விழும். வேண்டாமென்றால் உடனே எடுத்துப் போகச் சொல்லுங்கள். கத்தியையும் முள்கரண்டியையும் சேர்த்து இணையாக வைத்தால் சாப்பிட்டு முடித்தாச்சு என்று பொருள். பாதியில் பேச்சுவாக்கில் அப்படி வைத்துவிட்டால் தட்டைத் தூக்கிவிடுவார்கள்.

படி 6: பில்

பிரான்சிலும் ஸ்பெயினிலும் கேட்காமல் பில் வராது. அதை அலட்சியம் என்று நினைக்க வேண்டாம், கேட்காமல் நீட்டுவது எழுந்து போகச் சொல்வது போல என்பது அங்குள்ள மரியாதை. ஜப்பானில் டிப்ஸ் வைக்காதீர்கள். லண்டன் பில்லில் சேவைக் கட்டணம் ஏற்கெனவே இருந்தால் எந்திரம் கேட்கும் டிப்ஸுக்கு 'நோ' அழுத்தலாம்.

கார்டு எந்திரம் "ரூபாயா, யூரோவா?" என்று கேட்கும். யூரோவை அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தை ஹோட்டலின் கார்டு எந்திரத்தை நடத்துகிறவர்களே வைப்பார்கள், அதில் நம் வங்கி எடுப்பதைவிட அதிகம் போகும். வெளிநாட்டுப் பணத்தை மாற்றும் கட்டணமாக நம் வங்கி 3.5% எடுத்தால், அதன்மேல் 18% ஜி.எஸ்.டி. சேர்த்து 10,000 ரூபாய் பில்லுக்கு 413 ரூபாய். சிப்பந்தி தானே ரூபாயை அழுத்திவிட்டால், கையெழுத்துப் போடும் முன் ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். ரசீதில் ரூபாய்க் குறியீடு இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.