மன்மோகன் சிங் கரியரை நோட்ஸ் எடுக்குறது எப்படி

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பசங்க பாதிப் பேரு மன்மோகன் சிங்னா 1991 பட்ஜெட், அப்புறம் 2004ல பிரதமர்னு ரெண்டே வரியில முடிச்சிடுறாங்க. நடுவுல உள்ள மனுஷன் காணாமப் போயிடுறாரு.

ஒரு பேப்பர்ல அவர் இருந்த பதவியெல்லாம் வருஷத்தோட வரிசையா எழுதுங்க, பக்கத்துல ஒரே ஒரு கேள்வி, இந்த சீட்ல அவர் யோசனை சொல்ற ஆளா இல்ல முடிவெடுக்கிற ஆளா. 1969ல டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்ல ப்ரொஃபசர், 1972ல தலைமைப் பொருளாதார ஆலோசகர், இதுவரைக்கும் யோசனைதான். 1976ல நிதி அமைச்சகத்துல செயலாளர், 1982ல ரிசர்வ் பேங்க் கவர்னர். வீட்ல பழைய நோட்டு கிடந்தா எடுத்துப் பாருங்க, ஒரு ரூபா நோட்டுல போடுறது நிதிச் செயலாளர் கையெழுத்து, மத்ததுல கவர்னர் கையெழுத்து, இவர் ரெண்டுலயும் போட்டவரு.

அவர் நிதி அமைச்சரான 1991க்கு மட்டும் ஒரு முழு நாள் ஒதுக்குங்க. ஜூலை 24 பட்ஜெட் உரை நெட்லயே ஃப்ரீயா கிடைக்குது, கோச்சிங் சென்டர் சுருக்கத்தை நம்பாம அதையே படிங்க. கையிருப்பு அந்நியச் செலாவணி சுமார் 2,500 கோடி ரூபா, ரெண்டு வார இறக்குமதிக்குத்தான் தாங்கும்னு ஆரம்பத்துலயே போட்டு உடைச்சிருப்பாரு. அதுக்கு முன்னாடியே ஜூலை 1, 3 தேதிகள்ல ரூபா மதிப்பை ரெண்டு தடவை குறைச்சாச்சு. ரெண்டாவதை நிறுத்த முடியுமான்னு பிரதமர் நரசிம்ம ராவ் தயங்க, இவர் ரிசர்வ் பேங்க்குக்கு போன் அடிக்க, அங்க துணை கவர்னரா இருந்த நம்ம ரங்கராஜன் அறிவிப்பு போயாச்சுன்னு சொல்லிட்டாராம். இந்த ஒரு போன் கால்லயே அன்னைக்கு இருந்த டென்ஷன் மொத்தமும் தெரிஞ்சிடும்.

அடுத்து உர விலைப் பகுதியை பென்சில்ல கோடு போட்டுப் படிங்க. சராசரியா 40 சதவீதம் ஏத்துறேன்னாரு, எதிர்க்கட்சி மட்டும் இல்ல சொந்தக் கட்சி எம்.பி.க்களே கொதிச்சாங்க, ஆகஸ்ட்ல 30 ஆச்சு, சிறு குறு விவசாயிக்கு விலக்கும் வந்துச்சு. 40 பொருளாதார நிபுணர் போட்ட கணக்கு, 30 அரசியல்வாதி போட்ட கணக்கு. என்னைக் கேட்டா அவர் அரசியல்வாதி ஆனது பதவியேற்ற ஜூன் 21 இல்ல, அந்த ஆகஸ்ட்லதான்.

1999ல தெற்கு டெல்லியில தோத்ததை விட்றாதீங்க. மக்களவைத் தேர்தல்ல ஒரு தடவை கூட ஜெயிக்காம, ராஜ்யசபாவுல இருந்துக்கிட்டே 2004லேர்ந்து 2014 வரைக்கும் பிரதமர். அந்தப் பத்து வருஷத்துக்கு நேரா என் பேப்பர்ல இன்னும் கேள்விக்குறிதான் இருக்கு, 2008க்கு மட்டும் முடிவெடுக்கிற ஆளுன்னு டிக், அமெரிக்காவோட அணுசக்தி ஒப்பந்தத்துக்காக இடதுசாரிங்க ஆதரவை வாபஸ் வாங்கியும் மனுஷன் அசையாம நின்னு நம்பிக்கை வாக்கெடுப்புல ஜெயிச்சாரு.