கரண்ட் இல்லாத தோட்டத்தில் போன் சார்ஜ்

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கொட்டகைக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. போனுக்கும் டார்ச்சுக்கும் சார்ஜ் ஏற்ற நான் வைத்திருப்பது இவ்வளவுதான்: 20 வாட் சோலார் பேனல், 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்பியர் அவர்) லெட் ஆசிட் பேட்டரி, நடுவில் பேட்டரிக்கு அளவாகக் கரண்ட் விடும் ஒரு சார்ஜ் கன்ட்ரோலர்.

கன்ட்ரோலர் தண்டச் செலவு என்று நினைத்து முதலில் பேனலை நேராகப் பேட்டரியில் மாட்டினேன். சித்திரை முடிவதற்குள் பேட்டரி உப்பிப் போனது. 12 வோல்ட் பேனல் என்று எழுதியிருந்தாலும், லோடு இல்லாதபோது 21 வோல்ட் வரை காட்டும். பேட்டரிக்குச் சுமார் 14.4 தான் உச்சம். கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணையுங்கள், அப்புறம் பேனல். கழற்றும்போது தலைகீழாக. பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டி ஒரு ஃப்யூஸ் கட்டாயம் வேண்டும்.

மதுரை வட்டாரத்தில் பேனலைத் தெற்கு பார்த்து 10 டிகிரி சாய்த்தால் போதும். தகரக் கூரையோடு ஒட்டி வைக்காமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள். சூடேறினால் பேனல் தரும் பவர் குறையும்.

இந்தப் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவு 12 × 7 = 84 வாட் அவர். பாதிக்கு மேல் உறிஞ்சினால் ஆயுள் போய்விடும். அந்தப் பாதியில் 5000 எம்ஏஎச் போன் ஒன்றை முழுதாகவும் இன்னொன்றைப் பாதியும் ஏற்றலாம். பைக்கில் மாட்டும் 12 வோல்ட் யூஎஸ்பி சார்ஜரே இதற்கும் சரி. மதிய வெயிலிலேயே போனைச் சொருகிவிட்டால் ராத்திரி விளக்குக்கு மிஞ்சும்.

எலுமிச்சம்பழத்தில் ஆணி குத்திப் போன் சார்ஜ் செய்யும் வீடியோக்களா? பழத்தைச் சர்பத் போட்டுக் குடித்துவிடுங்கள்.